பழைய ரயில் நிலையம், பாலம்: நினைவுப் பலகை வைக்கும்போது வாசகம், உலோகம், போல்ட் (விவாத இழை)

#1 தண்டவாளம்

நூறாண்டு தாண்டிய செங்கல் ரயில் நிலையக் கட்டடம் ஒன்று, கூப்பிடு தூரத்தில் ஒரு வார்ப்பிரும்புப் பாலம். இரண்டுக்கும் நினைவுப் பலகை வைக்க வேண்டும். 600 மி.மீ. விட்டத்தில் வட்டமாக, வெண்கலத்தில் வார்க்கலாம் என்பது இப்போதைய எண்ணம். வாசகம் 74 சொற்களில் இருக்கிறது. "இப்பகுதியின் முதல் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது" என்று தொடங்கி, கட்டிய பொறியாளர், நிதி கொடுத்தவர்கள், திறந்துவைப்பவர் பெயரோடு முடிகிறது.

கேள்விகள்: உலோகம் சரியா? எழுத்து எவ்வளவு உயரம்? சுவரில் எப்படிப் பொருத்துவது? பாலத்தில் துளை போடலாமா?

#2 கல்லெழுத்து

உலோகத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் வாசகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலகையில் ஏறிய வரியை அப்புறம் யாரும் திருத்தப் போவதில்லை. தப்பு என்று தெரிந்த பிறகும் அது அங்கேயே இருக்கும், அதைப் படம் எடுத்துப் புத்தகத்தில் போடுவார்கள், அந்தப் புத்தகத்தை அடுத்த பலகைக்கு ஆதாரம் காட்டுவார்கள்.

போக்குவரத்துப் பலகைகளில் அதிகம் சறுக்க வைக்கும் சொல் "முதல்". எதில் முதல் என்று சொல்லாமல் அந்தச் சொல்லைத் தனியாக விடக் கூடாது. "உலகின் முதல் ரயில்" என்று எழுத உட்கார்ந்தால் பிரிட்டனிலேயே எத்தனை இடங்கள் உரிமை கொண்டாடும் பாருங்கள்:

சரே இரும்புப் பாதை, 1803. பொதுமக்கள் சரக்கு அனுப்பக்கூடிய பாதை, ஆனால் இழுத்தது குதிரை.
பென்னிடாரன், 1804 பிப்ரவரி 21. பொறியாளர் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின் தண்டவாளத்தில் பாரம் இழுத்தது, ஆனால் அது இரும்பாலையின் சொந்தப் பாதை.
ஆய்ஸ்டர்மவுத், 1807. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றியது, அதுவும் குதிரையால்.
மிடில்டன், 1812. நீராவி எஞ்சின் வணிக ரீதியில் நிலைத்து ஓடியது, நிலக்கரிக்காக.
ஸ்டாக்டன் – டார்லிங்டன், 1825 செப்டம்பர் 27. நீராவி எஞ்சினைப் பயன்படுத்திய பொதுப் பாதை.
லிவர்பூல் – மான்செஸ்டர், 1830 செப்டம்பர் 15. இரண்டு பெருநகரங்களை இணைத்து, கால அட்டவணைப்படி ஓடிய நீராவி ரயில்.

ஆறு இடத்திலும் ஆறு பலகை வைக்கலாம், ஆறிலும் "முதல்" என்று எழுதலாம், ஒன்றும் பொய்யாகாது. ஆனால் பக்கத்தில் நிற்கும் அடைமொழி சரியாக இருக்க வேண்டும். நீராவியா குதிரையா, பொதுப் பாதையா தனியாரதா, பயணியா சரக்கா. இந்த மூன்று கேள்விக்கும் வாசகத்தில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "முதல்" என்ற சொல்லை அடித்துவிட்டு ஆண்டை மட்டும் போடுங்கள். ஆண்டே தன் பெருமையைச் சொல்லிக்கொள்ளும்.

#3 கால_அட்டவணை

இதோடு எல்லையையும் சேர்க்க வேண்டும். புடாபெஸ்ட்டின் 1896 சுரங்க ரயிலை "ஐரோப்பாவின் முதல் சுரங்க ரயில்" என்று எழுதிவிடுவார்கள். லண்டனில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே மெட்ரோபாலிடன் ரயில்வே திறந்தது 1863 ஜனவரி 10. லண்டனும் ஐரோப்பாதானே. "ஐரோப்பிய பெருநிலப் பகுதியில்" என்றால் சரியாகிவிடுமா? இஸ்தான்புல்லின் டியூனல் 1875இல் வந்துவிட்டது. அது கம்பிவடம் இழுக்கும் சரிவு ரயில், மின்சார மெட்ரோ இல்லை. ஆகவே "ஐரோப்பிய பெருநிலப் பகுதியின் முதல் மின்சார சுரங்க ரயில் பாதை" என்று எழுதினால்தான் நிற்கும். நான்கு சொல் கூடுகிறது, ஆனால் யாரும் அசைக்க முடியாது.

இந்தியாவுக்கும் இதே கதைதான். 1853 ஏப்ரல் 16இல் மும்பையின் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது முதல் பொதுப் பயணிகள் ரயில். "இந்தியாவின் முதல் ரயில்" என்று மட்டும் எழுதினால், 1837இல் சென்னைக்கு அருகே செங்குன்றத்தில் சாலைக்கு வேண்டிய கல் சுமந்த பாதையும், 1851இல் ரூர்க்கியில் கால்வாய் வேலைக்கு மண் சுமந்த பாதையும் எதிரே வந்து நிற்கும்.

கட்டடத்துக்குப் பலகை என்றால் "முதல்" என்பதை விட "எஞ்சி நிற்பவற்றில் பழமையானது" என்பது பல நேரம் உண்மைக்கு நெருக்கம். சென்னையின் ராயபுரம் நிலையம் அப்படித்தான். அது இந்தியாவின் முதல் நிலையம் அல்ல. முதல் நிலையங்களின் கட்டடங்கள் போய்விட்டன, இது நிற்கிறது. அந்தப் பெருமையே தனி, அதை அப்படியே எழுதலாம்.

#4 நிலவரை

"இங்கிருந்துதான் புறப்பட்டது" என்ற வரி என்னை உறுத்துகிறது. எங்கிருந்து? இன்று நிற்கும் கட்டடத்திலிருந்தா, இடித்துவிட்ட பழைய நடைமேடையிலிருந்தா?

இட விஷயத்தில் புகழ்பெற்ற இரண்டு குழப்பங்களைச் சொல்கிறேன். 1869 மே 10இல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் தங்க ஆணி அடிக்கப்பட்டது புரொமன்டரி சம்மிட் என்ற இடத்தில். ஆனால் காலம் காலமாகப் பலரும் "புரொமன்டரி பாயின்ட்" என்றே எழுதுகிறார்கள். அது 50 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, கிரேட் சால்ட் ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலமுனை. 1904இல் ஏரியைக் கடந்து போட்ட குறுக்குப் பாதை அந்த முனை வழியாகப் போனதால் குழப்பம் இன்னும் இறுகிவிட்டது. பழைய பாதையின் தண்டவாளத்தை 1942இல் போருக்காகப் பிடுங்கிவிட்டார்கள், ஆக நிலத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழி இல்லாமல் போனது.

இரண்டாவது, ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17இல் பறந்தது கில் டெவில் ஹில்ஸில். செய்தியைத் தந்தி அடித்தது ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த கிட்டி ஹாக்கிலிருந்து. தந்தியில் இருந்த ஊர்ப் பெயரே வரலாறாகிவிட்டது. அந்த மணற்குன்றோ காற்றில் நகர்ந்துகொண்டே இருந்தது, பிறகு புல் நட்டுத்தான் நிறுத்தினார்கள். 1928இல் புறப்பட்ட இடத்தில் நினைவுக் கல் வைத்தபோது, அன்று நேரில் பார்த்தவர்களை அழைத்துவந்து இடத்தைக் குறித்தார்கள். இன்று அங்கே புறப்பட்ட இடத்தில் ஒரு பாறை, நான்கு பறத்தலும் முடிந்த இடங்களில் நான்கு எண் கற்கள். முதல் கல் 120 அடியில், நான்காவது 852 அடியில். உயர்ந்த நினைவுத்தூண் குன்றின் மேல் தனியாக நிற்கிறது. ஆனால் முதல் பறத்தலின் 12 விநாடியில் எவ்வளவு தூரம் என்பதை நடந்து பார்த்து உணர வைப்பது அந்தச் சின்னக் கற்கள்தான். இடத்தைக் குறிப்பது என்றால் இப்படிக் குறிக்க வேண்டும்.

உங்கள் பலகைக்கு: நிகழ்ந்த இடமும் பலகை இருக்கும் இடமும் ஒன்றாக இல்லாவிட்டால் "இங்கே" வேண்டாம். "இங்கிருந்து வடக்கே 40 மீட்டரில் இருந்த நடைமேடை" என்று திசையும் தூரமும் எழுதுங்கள். பழைய நில அளவை வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போது, இரண்டிலும் மாறாமல் இருக்கும் குறைந்தது நான்கு புள்ளிகளைப் பிடிக்க வேண்டும். பாலத்தின் கல் தாங்கிகள், பழைய வழிபாட்டுத் தலத்தின் மூலை போன்றவை நம்பகமானவை. சாலை விளிம்பு நம்பகமில்லை, அகலப்படுத்தியிருப்பார்கள். கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை ஐந்து தசம இடத்துக்குக் கோப்பில் எழுதி வையுங்கள். ஐந்தாவது இடம் சுமார் ஒரு மீட்டர் துல்லியம். பலகை காணாமல் போனாலும் இடம் காணாமல் போகாது.

#5 தண்டவாளம்

நன்றி. "முதல்" எடுத்தாயிற்று, "இங்கிருந்து" மாற்றப்படும். அடுத்தது தேதி. கட்டடத்தின் முகப்பில் பொறித்த ஆண்டு ஒன்று, ரயில்வே அறிக்கையில் வேறு ஆண்டு, பத்திரிகையில் மூன்றாவது. எதைப் போடுவது?

#6 கால_அட்டவணை

மூன்றும் சரியாகவே இருக்கலாம், மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சியின் தேதியாக இருக்கும். ஒரு பாதைக்கு அனுமதி, வேலை தொடக்கம், சோதனை ஓட்டம், சரக்குக்குத் திறப்பு, விழா, பொதுமக்களுக்குத் திறப்பு என்று ஆறு தேதி உண்டு.

இங்கிலாந்தின் இரும்புப் பாலத்தின் மேலேயே, அது கோல்புரூக்டேலில் வார்க்கப்பட்டு 1779இல் நிறுத்தப்பட்டது என்று வார்ப்பெழுத்தில் இருக்கிறது. போக்குவரத்துக்குத் திறந்தது 1781 புத்தாண்டு அன்று. "1779இல் திறக்கப்பட்டது" என்று எழுதுகிறவர் பாலத்தை நேரில் பார்த்தும் தப்புச் செய்கிறார். ராயபுரத்தில் விழா 1856 ஜூன் 28, பொதுச் சேவை ஜூலை 1. ரஷ்யாவில் சார்ஸ்கோயே செலோ ரயில் திறப்பு 1837இல் பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 30, புதியதில் நவம்பர் 11. இரண்டு தேதியும் இரண்டு நூலில் இருக்கும், இரண்டும் ஒரே நாள்தான்.

ஆகவே தேதிக்குப் பக்கத்தில் வினை கட்டாயம். "நிறுத்தப்பட்டது", "சரக்குப் போக்குவரத்து தொடக்கம்", "பயணிகளுக்குத் திறப்பு". முகப்புக் கல்லில் வினை இல்லாமல் ஆண்டு மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது சுவர் எழும்பிய ஆண்டு. திறந்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளும் மாதமும் உறுதியாகத் தெரியாவிட்டால் ஆண்டோடு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஆதாரம் இரண்டு வேண்டும், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதாததாக இருக்க வேண்டும். விழா மலர்களை ஆதாரமாக எடுக்கவே வேண்டாம்.

#7 வார்ப்படம்

உலோகத்துக்கு வருகிறேன். 600 மி.மீ. விட்டம், 8 மி.மீ. கனம் என்று வைத்தால்:

கன்மெட்டல் வெண்கலம்: சுமார் 20 கிலோ
வார்ப்பிரும்பு: சுமார் 16 கிலோ
அலுமினியம்: சுமார் 6 கிலோ

வெளியில் நிற்கும் வார்ப்புக்குப் பொதுவாக எடுக்கும் கன்மெட்டல் கலவை செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5. நன்றாக ஓடும், எழுத்து விளிம்பு கூர்மையாக வரும், நூறாண்டு நிற்கும். குறை ஒன்றே ஒன்று: பழைய உலோகச் சந்தையில் அதற்கு விலை இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத நிலையத்தில் வெண்கலம் வைப்பது திருடனை அழைப்பது போல. அங்கே வர்ணம் பூசிய அலுமினிய வார்ப்பு போதும், தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. சுண்ணாம்புக்கல், வெளிர் மணற்கல் சுவரில் வெண்கலம் வைத்தால் மழைநீர் வடிந்து கீழே பச்சைக் கறை இறங்கும், அது கல்லின் துளைக்குள் போய்விட்டால் எடுப்பது கஷ்டம். உங்களுடையது செங்கல், அந்தப் பயம் குறைவு.

பாரம்பரியப் பலகை என்றாலே உலோகம் என்றில்லை. லண்டனின் நீலப் பலகைகள் பீங்கான். 495 மி.மீ. விட்டம், 50 மி.மீ. கனம், சுவரைக் குடைந்து உள்ளே பதிப்பார்கள், முகம் லேசாகக் குவிந்திருப்பதால் மழையே கழுவிவிடும். அருமையான வடிவம், ஆனால் பழைய நிலையச் சுவரை 50 மி.மீ. குடைவது என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். எனாமல் பலகை, அதாவது எஃகுத் தகட்டில் கண்ணாடிப் பூச்சை 800 டிகிரிக்குச் சுட்டது, நிறம் மங்கவே மங்காது, பழைய நிலையப் பெயர்ப்பலகைகள் அதற்குச் சாட்சி. அது கெடுவது போல்ட் துளையில். இறுக்கி முறுக்கினால் துளையைச் சுற்றிப் பூச்சு சில்லு தெறிக்கும், அங்கே துரு பிடிக்கும், துரு உள்ளே படர்ந்து பூச்சைத் தூக்கும். நைலான் வாஷர் இரண்டு பக்கமும் போட்டுக் கையிறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்றோடு நிறுத்த வேண்டும்.

அச்சிட்ட படத்தை அக்ரிலிக்குக்குப் பின்னால் ஒட்டும் வகை தற்காலிகக் கண்காட்சிக்குத்தான். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், மிச்சம் இருப்பது நீலப் பேய்ப் படம்.

இனி தமிழ் எழுத்து. வார்ப்புக்காரர்கள் பலர் ரோமன் எழுத்துக்குப் பழகியவர்கள், அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது.

உயரம்: இரண்டு மீட்டரில் நின்று படிக்க "க" எழுத்தின் உடல் 15 மி.மீ., தலைப்புக்கு 30. ஆனால் கி, கீ மேலே ஏறும், கு, கூ கீழே இறங்கும். ஆக ஒரு வரி எடுக்கும் இடம் உடலைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் இடைவெளி. 15 மி.மீ. எழுத்துக்கு வரிக்கு வரி 27 மி.மீ. வையுங்கள். 600 வட்டத்தில் ஓரப் பட்டையும் சின்னமும் போக வரிக்கு மூன்று சொல்தான் வசதியாக அமையும். தலைப்பு தவிர 30 சொல்லுக்கு மேல் போகாது. 74 சொல் என்றால் எழுத்து 9 மி.மீ.க்கு இறங்கும், பிறகு ண, ழ, ஞ எழுத்துகளின் உட்குழி வார்ப்பில் அடைபடும்.

கோடு: தடிமன் குறைந்தது 2 மி.மீ. எழுத்து பலகையின் பின்புலத் தரையிலிருந்து 2.5 மி.மீ. எழும்பினால் இரு கோட்டுக்கு நடுவில் இடைவெளியும் 2.5 மி.மீ. வேண்டும். பக்கச் சரிவு 7 முதல் 10 டிகிரி. சரிவு இல்லாவிட்டால் அச்சை (மணலில் பதித்து எடுக்கும் மாதிரி வடிவத்தை) மணலிலிருந்து உருவும்போது மணல் கூடவே பிய்ந்து வரும்.

புள்ளி: இதைத்தான் வற்புறுத்திச் சொல்கிறேன். மெய்யெழுத்தின் புள்ளி 3 மி.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது. சிறியதாக இருந்தால் மணலில் சரியாகப் பதியாது, பதிந்தாலும் கடைசியில் எழுத்தின் முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும்போது போய்விடும். "கட்டப்பட்டது" என்பதில் மூன்று புள்ளி. மூன்றும் போனால் "கடடபபடடது". அச்சிட்ட தாளில் இருந்தால் ஊகித்துப் படிப்போம். வெண்கலத்தில் நூறாண்டு நிற்கப் போகும் வரியில் அது தாங்காது.

சுருக்கம்: உருகிய வெண்கலம் ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். 600 மி.மீ. வேண்டுமென்றால் அச்சு 609 இருக்க வேண்டும். அலுமினியத்துக்கு 608, வார்ப்பிரும்புக்கு 606. பட்டறை இதைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் பின்பக்க போல்ட் இடைவெளியை வரைபடத்திலிருந்து எடுத்துச் சுவரில் துளை போட்டுவிடாதீர்கள். வார்ப்பு கைக்கு வந்த பிறகு அதையே அளந்து போடுங்கள்.

கோப்பு: எழுத்துருவோடு அனுப்பினால் பட்டறைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம் காலும் வெற்று வட்டமும் இன்னொரு பக்கம் நிற்கும். தமிழ் தெரியாத ஆள் அதை அப்படியே வெட்டிவிடுவார். எழுத்தை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிப் பிடிஎஃப் அனுப்புங்கள். கூடவே சரியான வடிவத்தின் படம் ஒன்றும் அனுப்புங்கள்.

#8 கல்லெழுத்து

ஒரு வரி சேர்க்கிறேன். மெய்ப்பைக் கணினித் திரையில் பார்த்துச் சம்மதம் சொல்லக் கூடாது. உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, சுவரில் அதே உயரத்தில் ஒட்டி, வாசகத்தை எழுதாத இருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண் தப்பைப் பார்க்காது, மனதில் இருப்பதையே படிக்கும். "ரயில்" என்று ஓரிடத்தில், "இரயில்" என்று இன்னோரிடத்தில் இருப்பது போன்றவை அப்போதுதான் மாட்டும். வார்ப்பதற்கு முன் அச்சையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தாளில் சரியாக இருந்தது அச்சில் இடம் மாறியிருக்கலாம்.

#9 பாலத்தூண்

பொருத்துவது பற்றி. பாலத்தில் துளை போடலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: வேண்டாம். வார்ப்பிரும்பு இழுவிசை தாங்காத, நொறுங்கும் உலோகம். இழுவிசை இருக்கும் பகுதியில் ஒரு துளை போட்டால் விசை அந்தத் துளையின் விளிம்பில் குவியும், விரிசல் அங்கிருந்து தொடங்கும். பற்றவைப்பு அதைவிட மோசம், சூடு பட்ட இடம் ஆறும்போதே விரியும். போதாக்குறைக்கு வெண்கலமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும், அதாவது பலகை பத்திரமாக இருக்கும், பாலம் அரிக்கும். பாலத்தின் கல் தாங்கிச் சுவரில் வையுங்கள், அல்லது பாதையோரம் தனித் தூண் நட்டு அதில் வையுங்கள். தூண் என்றால் 500 மி.மீ. ஆழமாவது கான்கிரீட் அடித்தளம் வேண்டும். தோண்டும் முன் அடியில் கேபிள் போகிறதா என்று ரயில்வேயிடம் எழுத்தில் கேளுங்கள். சிக்னல் கேபிளை வெட்டினால் பாதையே நின்றுவிடும்.

செங்கல் சுவருக்கு:

பலகையின் பின்பக்கம் வார்ப்போடு வந்த குமிழில் மரை போட்டு, 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தண்டு நான்கு. 316 தரம் வாங்குங்கள், கடற்கரையில் 304 பழுப்பேறும். சாதாரண எஃகுத் தண்டு வைக்கவே கூடாது. அது துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் செங்கல் முகம் தெறித்து விழும்.

துளை செங்கலில் வேண்டாம், செங்கல்களுக்கு நடுவே உள்ள சாந்து இணைப்பில் போடுங்கள். நாளை பலகையை எடுக்க வேண்டி வந்தால் சாந்து பூசி மூடிவிடலாம், துளைபட்ட பழைய செங்கல்லை மீட்க முடியாது. இதற்காகவே தண்டு இடைவெளியைச் சுவரின் வரிசைக்குப் பொருத்தி முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வார்ப்படம் ஐயா சொன்ன அளவெடுப்பு இங்கே முக்கியம்.

8 மி.மீ. தண்டுக்கு 10 மி.மீ. துளை, ஆழம் 80 மி.மீ. அடிக்கும் டிரில் கூடாது, சுற்றும் டிரில் மட்டும். பழைய சுண்ணாம்புச் சாந்து அடியில் உதிர்ந்துவிடும். துளையை ஊதி, தூரிகை போட்டு, மறுபடி ஊத வேண்டும். தூசி இருந்தால் ரெசின் (தண்டைத் துளையில் ஒட்டவைக்கும் பசை) சுவரைப் பிடிக்காது, தூசியைப் பிடிக்கும். கையால் இழுத்தாலே தண்டு முழுசாக வெளியே வருகிற பலகைகள் எல்லாம் இப்படிப் போனவைதான்.

ரெசினைத் துளையின் அடியிலிருந்து நிரப்பி மேலே வர வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு போதும், தண்டு நுழையும்போது மிச்சம் நிரம்பும். வெயில் நேரத்தில் சில நிமிடத்திலேயே இறுகிவிடும், நான்கு துளையும் நிரப்பிவிட்டுப் பலகையைத் தூக்கப் போனால் முதல் துளை கல்லாகியிருக்கும். காலையில் செய்யுங்கள். 20 கிலோ பலகைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து மறுநாள் வரை விடுங்கள்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி வேண்டும், தண்டில் நைலான் வளையம் போட்டு. ஒட்ட வைத்தால் பின்னால் ஈரம் தங்கும், சுவர் மூச்சு விடாது, உப்பு பூக்கும்.

#10 வார்ப்படம்

பாலத்தூண், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அலுமினியப் பலகை என்றால் நான்கு தண்டையும் ரெசினில் இறுக்க வேண்டாம். 600 மி.மீ. அலுமினியம் 40 டிகிரி வெப்பம் ஏறினால் அரை மி.மீ.க்கு மேல் நீளும். அடர் நிறம் பூசி வெயில் பார்த்த சுவரில் இருந்தால் ஒரே நாளில் அந்த ஏற்ற இறக்கம் நடக்கும். ஒரு தண்டை மட்டும் இறுக்கமாகவும் மற்ற மூன்றைக் கொஞ்சம் அகலமான துளையில் வாஷரோடும் விட வேண்டும். அலுமினியம் ஸ்டெயின்லெஸ்ஸைத் தொடும் இடத்திலும் நைலான் உறை வேண்டும், இல்லையென்றால் உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும்.

#11 பாலத்தூண்

சரிதான். வெண்கலமும் நீளும், கொஞ்சம் குறைவு. 600 வட்டத்துக்கு என் முறை தாங்கும். ஒரு மீட்டருக்கு மேல் நீளமான பலகைக்கு, எந்த உலோகமானாலும், நீங்கள் சொன்னபடிதான் செய்ய வேண்டும்.

#12 கைகாட்டி

க்யூஆர் குறி வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வரும் கேள்வி. வார்ப்பில் க்யூஆர் எடுக்காது, ஒரே நிற உலோகத்தில் கேமராவுக்கு வேறுபாடு தெரியாது. தனியாகச் சிறு ஸ்டெயின்லெஸ் தகட்டில் லேசர் கறுப்பாகப் பொறித்துப் பலகைக்குக் கீழே வையுங்கள், கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பிழை தாங்கும் அளவை உச்சத்தில் வைத்து, முகவரியை 24 எழுத்துக்குள் அடக்கினால் 29க்கு 29 கட்டம் போதும். சுற்றி நான்கு கட்டம் வெறுமை விட்டால் 37. கட்டம் 2 மி.மீ. என்றால் மொத்தம் 74 மி.மீ. முகவரி உங்கள் சொந்தத் தளத்துடையதாக இருந்து அங்கிருந்து திருப்பிவிட வேண்டும். இலவசச் சுருக்கு முகவரி நின்றுபோனால் அந்தத் தகடு வெறும் கோலம்.

வரலாறு முழுவதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் இணையம் இல்லாமல் படிக்கிறவருக்குப் பலகை தனியாகவே பொருள் தர வேண்டும்.

#13 நிலவரை

பராமரிப்பு. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கிற வழக்கம் பலகையைக் கொல்கிறது. அதில் இருப்பது உப்புத்தாள் போலத் தேய்க்கும் நுண்ணிய பொடி. ஒவ்வொரு முறையும் எழுத்தின் முகம் கொஞ்சம் குறையும், முதலில் போவது, வார்ப்படம் சொன்ன அந்தப் புள்ளிகள். எழுத்தின் பின்புலத்தில் வெள்ளைப் பொடி வேறு அடையும். மென்தூரிகை, அமிலமோ காரமோ இல்லாத சோப்பு, தண்ணீர், உலர்ந்த துணி, பிறகு நுண்படிக மெழுகு மெல்லிதாக. ஆண்டுக்கு இரண்டு முறை. உலோகம் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெழுகு நன்றாக இறங்கும்.

லாக்கர் (நிறமற்ற காப்புப் பூச்சு) பூசியிருந்தால் சில ஆண்டில் ஓரத்திலிருந்து உரியும். உரிந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும், அல்லது லாக்கரை விட்டுவிட்டு மெழுகுக்கு வந்துவிட வேண்டும். நான் இரண்டாவதைச் சொல்வேன்.

#14 கல்லெழுத்து

தண்டவாளம், உங்கள் 74 சொல்லை எப்படி 30க்கு இறக்குவது என்று தெரிய, எல்லோருக்கும் தெரிந்த ஒரு இடத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். தேம்ஸ் சுரங்கம். வழக்கமாக எழுதும் விதம்:

"உலகப் புகழ்பெற்ற மாபெரும் பொறியாளர் புரூனல் அவர்களின் அயராத உழைப்பாலும் தொலைநோக்குப் பார்வையாலும் உருவான உலகின் முதல் சுரங்கப்பாதையான இந்த ஒப்பற்ற தேம்ஸ் சுரங்கம் 1843ஆம் ஆண்டு இங்கே திறக்கப்பட்டு இன்றும் மக்களுக்குப் பயன்பட்டு வருகிறது."

இதில் தகவல் மூன்றுதான், அதில் ஒன்று தப்பு, இரண்டு அரைகுறை. உலகின் முதல் சுரங்கம் இல்லை. புரூனல் என்றால் தந்தையா மகனா தெரியவில்லை. யாருக்குத் திறந்தது என்றும் இல்லை. மாற்று:

தேம்ஸ் சுரங்கம்
கப்பல் செல்லும் ஆற்றின் அடியில்
உலகில் முதலில் தோண்டி முடித்த சுரங்கம்.
பொறியாளர் மார்க் புரூனல்.
வேலை தொடக்கம் 1825.
நடந்து செல்வோருக்குத் திறப்பு 1843 மார்ச் 25.
ரயில் ஓடத் தொடங்கியது 1869.
நீளம் 396 மீட்டர்.

தலைப்பு போக 28 சொல். பெருமைச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் 1825க்கும் 1843க்கும் நடுவே 18 ஆண்டு என்பதைப் படிக்கிறவர் தானே கணக்குப் போட்டு மலைப்பார்.

உங்கள் பலகையில் நிதி கொடுத்தவர், திறந்துவைப்பவர் பெயர்கள் வேண்டுமென்றால் பக்கத்தில் தனிச் சிறு தகடு. வரலாற்றின் எழுத்து 15 மி.மீ. என்றால் அந்தப் பெயர்கள் 8க்கு மேல் வேண்டாம். பலகையை வைத்த அமைப்பின் பெயரும் வைத்த ஆண்டும் மட்டும் அடியில் ஒரு வரியாக இருக்கட்டும். ஆண்டு முக்கியம். எந்தக் காலத்து அறிவில் இந்த வரிகள் எழுதப்பட்டன என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

#15 கால_அட்டவணை

இடம் தகுதியானதா என்று கேட்பார்கள், அதற்கும் விடை வைத்திருங்கள். அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கம் தன் வரலாற்றுச் சின்னங்களுக்குக் குறைந்தது 50 ஆண்டு என்று வைத்திருக்கிறது, மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ தன் மைல்கல் பலகைகளுக்கு 25. ஜப்பானின் அதிவேக ரயிலான டோக்கைடோ ஷிங்கான்சென் 1964இல் ஓடத் தொடங்கி 2000இல் அந்தப் பலகையைப் பெற்றது. பிரிட்டனில் நேஷனல் டிரான்ஸ்போர்ட் டிரஸ்ட் சிவப்புச் சக்கரச் சின்னத்தோடு வைக்கும் பலகைகள் ரயில் மட்டுமல்லாமல் கால்வாய், சாலை, விமானத்துக்கும் உண்டு. தொடர்ச்சியாக ஒரே வடிவம் வைப்பதில் ஒரு நன்மை: ஒன்றைப் பார்த்தவர் அடுத்ததைத் தேடுவார். நீங்களும் இரண்டு பலகைக்கும் ஒரே வட்டம், ஒரே நிறம் வையுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: கட்டடத்தைப் பழுது பார்க்கவோ இடிக்கவோ நேர்ந்தால் பலகையை யார் கழற்றுவது, யாரிடம் ஒப்படைப்பது. இது இல்லாததால் வர்ணம் அடிக்கும்போது கழற்றி மூலையில் வைத்த பலகைகள் திரும்பச் சுவருக்கு வருவதில்லை.

#16 தண்டவாளம்

வாசகம் 28 சொல்லுக்கு வந்துவிட்டது. நிலையத்துக்குக் கன்மெட்டல், சாந்து இணைப்பில் நான்கு தண்டு. பாலத்துக்கு அலுமினியம், கல் தாங்கிச் சுவரில், ஒரு தண்டு இறுக்கம், மூன்று தளர்வு. பெயர்கள் தனித் தகட்டில். அச்சைப் பார்க்கப் போகும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

#17 வார்ப்படம்

அச்சு மேல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழலில் எழுத்தின் சரிவு தெரியும். பின்பக்கத்தில் அமைப்பின் பெயரும் வார்த்த ஆண்டும் சேர்க்கச் சொல்லுங்கள். திருட்டுப் போய் எங்காவது கிடைத்தால் அதுதான் அடையாளம். பிறகு வாசகத்தில் எத்தனை மெய்யெழுத்து என்று தாளில் முதலில் எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். அச்சின் மேல் விரலை வைத்துப் புள்ளிகளை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றானால் வார்க்கச் சொல்லலாம்.